முதலாவது தமிழரும் மிஸ்ஸிஸ் டொயிலின் படலையும்

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு மிகுந்த பணிவுடனும், பணிவைக் காட்டிலும் சற்றுக் கூடுதலான பெருமையுடனும் அறியத்தருவது யாதெனில்: கனேடிய நன்னீரில் செயற்கை ஈயைக் கட்டித் தூண்டில் வீசி ட்ரவுட் மீன் பிடித்த முதலாவது தமிழர் என்னும் வரலாற்றுச் சிறப்பு, றிச்மண்ட் ஹில் வாழ் பிரபல வீடு விற்பனை முகவரும், ஊர் ஒன்றியத்தின் நடப்பாண்டுத் தலைவரும், மும்முறை முன்னாள் தலைவருமான திருவாளர் பத்மநாதன் அவர்களைச் சாருகின்றது. இச்சாதனையை முன்னிட்டு ஒன்றியத்தின் சித்திரை விழாவில் அன்னாருக்குப் பொன்னாடை போர்த்தப்படும். அனைவரும் வருக. இராப்போசனம் உண்டு.

இந்த அறிவித்தல் பங்குனி மாதம் ஸ்காபுறோவில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பத்திரிகையில் முழுப் பக்கத்தில் வந்தது. 'அன்னார்' என்ற சொல்லை மரண அறிவித்தலில் மட்டும்தான் போடுவார்கள் என்று எழுதியவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. எழுதியவர் பத்மநாதன்தான். அறிவித்தல் வெளியான அன்று, சம்பந்தப்பட்ட மீன் ஒன்ராறியோ ஏரியின் அடியில் எங்கேயோ உயிரோடும் சுகத்தோடும் இருந்தது. பத்மநாதன் அதுவரை ஒரு ட்ரவுட்டை உயிரோடு பார்த்ததுமில்லை.

அதற்கு முன்னரும் அவர் பலவற்றில் முதலாவது தமிழராக இருந்திருக்கிறார். பனியில் கல்லுருட்டி விளையாடும் கழகம் ஒன்றில் சேர்ந்த முதலாவது தமிழர். மேப்பிள் பாணி காய்ச்சும் கொட்டிலுக்கு முன்னால் வேட்டியோடு நின்று படமெடுத்த முதலாவது தமிழர். வேறு யாராவது அதற்கு முன்னர் அங்கே போயிருந்தார்களா என்று விசாரிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. விசாரித்தால் இரண்டாவது ஆகிவிடும் ஆபத்து இருந்தது.

மீனைப் பிடித்துக் கொடுக்கவேண்டிய பொறுப்பு கிளிபோட்டின் தலையில் விழுந்தது. கிளிபோட் பேசாலை மீனவர் கிராமத்தில் பிறந்து ஸ்காபுறோவின் மோர்னிங்சைட்டில் குடியிருப்பவன். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே போனால் ஏரிக்கு இறங்கும் ஆறுகள் பல. அவற்றுக்கு ஆட்களைக் கூட்டிப்போய், இறகும் நூலும் சுற்றிய சின்னஞ்சிறு முள்ளை எப்படி வீசுவது என்று காட்டிக்கொடுத்து, அகப்பட்ட மீனை அவர்கள் கையாலேயே திரும்ப ஆற்றில் விடவைப்பது அவனுடைய உத்தியோகம். இதைச் சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த முயன்று பல கலியாண வீடுகளில் தோற்றிருக்கிறான். "பிடிக்கிறது சரி, விடுறதுக்கும் சம்பளமோ?" என்று கேட்பார்கள். அவனும் சும்மா ஆள் இல்லை. ஆறு என்பது வாசிக்கவேண்டிய ஒன்று என்று தொடங்கினானென்றால் சோறு ஆறிவிடும்.

அந்த வருடத்து இளவேனில் வாசிக்கும்படி இருக்கவில்லை. பனி ஒரேயடியாக உருகி, ஆறெல்லாம் பால்தேத்தண்ணி நிறத்தில் ஓடிற்று. விடிய ஆற்றில் இறங்கினால் தூண்டில் வளையங்களில் ஐஸ் கட்டும். அதை வாயில் வைத்து உருக்கவேண்டும். மத்தியானம் வெயில் வந்தால் மேலும் பனி உருகித் தண்ணீர் இன்னும் கலங்கும். வருவதாகச் சொன்னவர்கள் வானிலையைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் விறைத்துப்போய், மீனின் வாலைக்கூடக் காணாமல், இது யாருடைய பிழை என்ற கேள்வியை முகத்தில் எழுதிக்கொண்டு திரும்பினார்கள்.

அவனிடம் மிச்சமிருந்த ஒரே பலம் மிஸ்ஸிஸ் டொயிலின் பண்ணைவேலிப் படலை. வருடம் முழுக்க மீன் பிடிக்க அனுமதியுள்ள, ஆற்றின் நல்ல வளைவு ஒன்று அந்தக் கிழவியின் பண்ணைக்குள் கிடந்தது. புருசன் இறந்த பிறகு தனியாக இருப்பவள். கிளிபோட்டும் தன்னைப்போலக் கத்தோலிக்கன் என்று அறிந்து, படலைப் பூட்டின் திறப்பு ஒன்றை அவனிடம் கொடுத்திருந்தாள். மீன் ஒன்றும் சாகக்கூடாது, சத்தம் கூடாது, போகும்போது படலையைச் சாத்தவேண்டும்: அவ்வளவுதான் நிபந்தனை. போன வருடம் அவன் கூட்டிவந்த ஒருவன் பியர்க் கான்களை வயலில் எறிந்துவிட்டுப் போனபோது, இன்னும் ஒரு முறை இப்படி நடந்தால் திறப்பைத் திருப்பி வாங்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அந்தப் படலை இல்லையென்றால் கிளிபோட்டுக்குப் பாலத்தடிதான் கதி. இளவேனிலில் பாலத்தடியில் மீன் பிடிப்பவர்கள் பஸ்ஸுக்கு நிற்பதுபோலத் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். அங்கே கூட்டிப்போய் நிற்பாட்ட ஒரு வழிகாட்டி தேவையில்லை.

பத்மநாதன் தொலைபேசியில் கூப்பிட்டபோது கிளிபோட் ஒரு சின்னச் சந்தேகத்தைப் பணிவாகக் கேட்டான்.

"அண்ணை, முதலாவது தமிழர் எண்டு போட்டிருக்கிறியள். நான் கனகாலமா இதைத்தானே பிடிக்கிறன்."

"நீர் தொழிலாப் பிடிக்கிறீர், கிளிபோட். தொழில் வேறை, சாதனை வேறை. சமையல்காரன் சாப்பிட்டால் அதை விருந்து எண்டு சொல்லுறமோ?"

இதற்கு மேல் வாதாடும் நிலையில் கிளிபோட் இல்லை, மூன்று கிழமையாக ஒருவரும் அவனைக் கூப்பிட்டிருக்கவில்லை. பத்மநாதன் சித்திரை விழாவுக்கு முன்னர் வரும் லீவு நாளைக் கேட்டார். அன்றைக்குத்தான் அவருக்கு வீடு காட்டும் வேலை இல்லை. கிளிபோட் ஓம் என்றான்.

அந்த லீவு நாள் பெரிய வெள்ளி.

"உலகத்திலை பெரிய வெள்ளியிலை ஆத்துக்குப் போற ஒரே கத்தோலிக்கன் நீங்கள்தான்," என்றாள் வேரோனிக்கா, அவனுடைய மனைவி. இரண்டு நாளாகச் சேர்த்துவைத்த வசனம் அது.

"சிலுவைப்பாதைக்கு மூண்டு மணிக்கு நிப்பன்."

"யேசு மூண்டு மணிக்குச் செத்தவர். நீங்கள் இண்டைவரைக்கும் எந்த மூண்டு மணிக்கு நேரத்துக்கு வந்திருக்கிறியள்?"

கிளிபோட் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதில் மிகுந்த கவனம் செலுத்தினான்.

படலையடியில் பத்மநாதன் தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளை வானும், அதன் பின்கதவுக்குள் தலையை விட்டபடி ஒரு மனிதனும் நின்றார்கள். மனிதன் திரும்பியபோதுதான் கிளிபோட்டுக்கு ஆள் பிடிபட்டது: வீடியோ மரியோ. கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீட்டு நேரலை, எதுவென்றாலும் ஸ்காபுறோவில் மரியோதான். அவனுடைய கையில் நான்கு காற்றாடிகள் வைத்த ட்ரோன் ஒன்று இருந்தது.

"உது என்ன?" என்றான் கிளிபோட்.

"மேலையிருந்து ஒரு வீடியோ சொட் எடுக்கவேணுமாம், அண்ணை. தலைவர் கேட்டவர்."

"இஞ்சை சத்தம் போடேலாது, மரியோ. மனிசி துலைச்சுப்போடும்."

"சத்தமே இல்லை, அண்ணை. போனமாசம் ஒரு செத்தவீட்டிலை விட்டனான், ஒருத்தருக்கும் தெரியாது."

"செத்தவருக்குத் தெரிஞ்சிருக்காது. மற்றாக்களைக் கேட்டனியோ?"

பத்மநாதன் இடையில் புகுந்தார். அவர் நெஞ்சுவரை வரும் புதிய றப்பர் காற்சட்டை அணிந்திருந்தார். கடையின் விலைமட்டை இன்னும் முதுகில் தொங்கியது. அதன் மேல் கழுத்தைச் சுற்றிச் சரிகைக் கரை வைத்த சால்வை ஒன்று போட்டிருந்தார். வாசனைத் தைலம் படலைவரை மணத்தது.

"சால்வையைக் கழட்டுங்கோ அண்ணை, முள்ளுக் கொழுவும்."

"அது எங்கடை அடையாளம், கிளிபோட். வெறும் காற்சட்டையோடை நிண்டால் ஆரோ வெள்ளைக்காரன் எண்டெல்லோ நினைப்பினம்."

அப்படி ஒருவரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை. கிளிபோட் படலையைத் திறந்து, எல்லாரும் உள்ளே வந்த பிறகு கவனமாகச் சாத்தினான். மிஸ்ஸிஸ் டொயிலின் வீட்டுப் பக்கம் பார்த்தான். புகைபோக்கியில் புகை வந்தது. கார் நின்றது. பெரிய வெள்ளி வழிபாட்டுக்கு இன்னும் போகவில்லை.

ஆற்றங்கரையில் கிளிபோட் தன்னுடைய சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே வரிசையாக ஈக்கள்.

"இதென்ன, ரதியின்ரை சேலைப் புறோச் மாதிரிக் கிடக்கு," என்றார் பத்மநாதன். ரதி அவருடைய மனைவி. "இதோ ஈ?"

"கல்லுக்குக் கீழை இருக்கிற ஈக்குஞ்சு, அண்ணை. மீன் இப்ப அதைத்தான் தின்னும்."

"குஞ்சை வைச்சோ வரலாறு படைக்கிறது? பெரிசு ஒண்டும் இல்லையோ?"

"அண்ணை, ஆறு எண்டிறது வாசிக்கவேண்டிய ஒரு..."

"வாசிப்பம், வாசிப்பம். மரியோ, நான் இறங்கிறதை எடுத்தனியோ?"

"இன்னொருக்கா இறங்குங்கோ, அண்ணை," என்றான் மரியோ. "மெதுவா. மாப்பிள்ளை மண்டபத்துக்குள்ளை வாற மாதிரி. ஓம், கொஞ்சம் சிரிச்சு. தண்ணியைப் பாத்துச் சிரியுங்கோ."

அவர் நான்கு முறை ஆற்றில் இறங்கினார். ஒவ்வொரு முறையும் கரையோரத்துச் சேறு கலங்கி, நல்ல வளைவின் தலையிலிருந்து வால்வரை ஓடிற்று. மீன் ஏதும் அங்கே இருந்திருந்தால், நான்கு முறை வந்த இந்த மாப்பிள்ளையை அது நன்றாகப் பார்த்திருக்கும். பிறகு ட்ரோன் எழுந்தது. மரியோ சொன்ன சத்தமின்மை, கோயிலில் ஜெனரேற்றர் போட்டதுபோல இருந்தது. கிளிபோட் ஒவ்வொரு நிமிடமும் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தூண்டில் வீசுவதில் பத்மநாதனுக்கு ஒரு தனிப் பாணி இருந்தது. அதில் முதல் வீச்சு பின்னாலிருந்த பற்றைக்குள் போயிற்று. இரண்டாவது மரியோவின் தொப்பியில் ஏறிற்று. மூன்றாவது சால்வையில் கொழுவியது. சரிகை நூல் ஒரு முழம் உருவி வந்தது.

"தேங்காய் உடைக்கிற மாதிரி அடிக்கக் கூடாது, அண்ணை," என்றான் கிளிபோட், இடுப்பளவு தண்ணீரில் நின்று முள்ளைக் கழற்றியபடி. "பின்னுக்குக் கொண்டுபோய் ஒருக்கா நிப்பாட்டுங்கோ. நூல் நீள விட்டுட்டு, பிறகு முன்னுக்கு."

"நான் நிப்பாட்டுறன். அது நிக்குதில்லை."

"உங்கடை கை நிக்கேல்லை, அண்ணை."

"உம்மடை தூண்டில் சரியில்லைப் போலை."

கிளிபோட் விரல்கள் விறைத்து, முடிச்சு விழுந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அவன் போட்டுக் கொடுத்தான். அவர் அறுத்துக் கொடுத்தார். வளையங்களில் ஐஸ் கட்டியது. அதை உருக்க அவன் வாயில் வைத்தபோது மரியோ, "அண்ணை, அப்பிடியே நில்லுங்கோ, வழிகாட்டி தூண்டிலுக்கு முத்தம் குடுக்கிற சொட்," என்றான். கிளிபோட் வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒரு சொல் சொன்னான். அது வீடியோவில் பிறகு வெட்டப்பட்டது.

பொழுது ஏறியது. பத்மநாதன் தூண்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி, கமராவுக்கு முன்னால் முகநூல் நேரலை தொடங்கினார். தமிழர் கடல் கடந்து வாணிபம் செய்தவர்கள் என்று ஆரம்பித்தார். நூல் அவருக்குப் பின்னால் நீரோட்டத்தில் தன்பாட்டில் கிடந்தது. மரியோ பார்வையாளர்கள் எழுதியதை வாசித்துச் சொன்னான்.

"பாரிசிலையிருந்து ஒராள் கேக்கிறார், உது குழம்புக்கு நல்லதோ பொரியலுக்கோ எண்டு."

"மீன் பிறகு, முதல் வரலாறு எண்டு சொல்லு."

"சூரிச்சிலையிருந்து ஒரு அக்கா கேக்கிறா, பின்னாலை நிக்கிற ஆள் ஆரெண்டு."

"உதவியாளர் எண்டு போடு." பத்மநாதன் திடீரென்று பேச்சை நிறுத்தித் திரும்பாமலே சொன்னார்: "கிளிபோட், சும்மா பின்னாலை இழுக்காதையும். கதைச்சுக்கொண்டிருக்கிறன்."

"நான் இழுக்கேல்லை, அண்ணை."

தூண்டில் கக்கத்திலிருந்து வளைந்து வளைந்து தண்ணீரைத் தொட்டது. அதன் நுனியிலிருந்து வெகு தூரத்தில், கலங்கல் நீரைக் கிழித்துக்கொண்டு ஒரு மீன் பாய்ந்து விழுந்தது. ஏரியிலிருந்து முட்டையிட ஏறிவந்த ரெயின்போ ட்ரவுட். பக்கம் முழுக்க இளஞ்சிவப்பு. வளைவின் மறுகரைவரை அதன் சத்தம் கேட்டது. கிளிபோட் அந்தப் பங்குனி முழுக்க இப்படி ஒன்றுக்காகத்தான் விறைத்துப்போய் நின்றிருக்கிறான். அது வந்ததோ முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தவரிடம்.

அடுத்த கால் மணித்தியாலம் கிளிபோட் ஒரே நேரத்தில் பணிந்தும் அதட்டியும் கதைத்தான். "நுனியைத் தூக்குங்கோ. விடுங்கோ, ஓடட்டும். அண்ணை, சுத்தாதேங்கோ, ஓடேக்கை சுத்தாதேங்கோ. இப்ப சுத்துங்கோ. எங்கை போறியள், ஆறு இஞ்சாலை." பத்மநாதன் பின்னோக்கி நடந்து வயலுக்குள் ஏறி, அங்கிருந்து மீனை ஒரு பிடிவாதக்கார நாயை இழுப்பதுபோல இழுத்தார். அத்தனைக்கும் அது அறாமல் வந்தது. கிளிபோட் முழங்காலில் இருந்து வலையை நீட்டி அதை ஏந்தினான். பெண் மீன், முழங்கை நீளத்துக்கும் கூட. அவனுக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோயிற்று: ஐஸ், கலங்கல், வேரோனிக்கா, ட்ரோன்.

"அண்ணை, கெதியா வாங்கோ. கையை நனையுங்கோ. வயித்துக்குக் கீழை ஒரு கை, வாலிலை ஒரு கை. மரியோ ஒரு படம் எடுக்கட்டும், உடனை விட்டிடுவம்."

பத்மநாதன் சால்வையைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். கைகளை நனைத்தார். அப்போது மரியோ திரையைப் பார்த்து, சற்றுத் தயங்கி, "அண்ணை," என்றான். "ரதி அக்கா எழுதியிருக்கிறா."

"என்னவாம்?"

"'இஞ்சேருங்கோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமை' எண்டு."

பத்மநாதனின் கைகள் மீனுக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றன. அவர் வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர். அதை ஊருக்கே சொல்லிவைத்திருப்பவர். கோயில் பரிபாலன சபையின் உபதலைவரும்கூட. அந்தப் பதவிக்கு அவர் வந்ததே வெள்ளிக்கிழமை விரதத்தின் தயவில்தான்.

"லீவு நாள் எண்ட உடனை எனக்குச் சனிக்கிழமை மாதிரிக் கிடந்திட்டுது," என்றார் மெதுவாக.

"கோயில் செயலாளர் ஒரு கும்பிடுற கைப்படம் போட்டிருக்கிறார், அண்ணை," என்றான் மரியோ. "வேறை ஒண்டும் எழுதேல்லை."

"லைவ்வை நிப்பாட்டு."

"அண்ணை, தின்னவோ போறியள்? பிடிச்சு விடுறதுதானே," என்றான் கிளிபோட். அவனுடைய கைகள் இரண்டும் வலையோடு ஐஸ் தண்ணீருக்குள் இருந்தன.

"சனம் அப்பிடிப் பாக்காது. மச்சம் மச்சம்தான். கோயில் சபைத் தேர்தல் வருது, கிளிபோட்." அவர் நிமிர்ந்து யோசித்தார். "ஒண்டு செய்வம். இதை இப்பிடியே கட்டி வையும். நாளைக்குக் காலமை வந்து எடுப்பம்."

"அண்ணை, இது மாடில்லை."

"ஒரு கயித்திலை..."

"செத்துப்போகும். இஞ்சை மீன் செத்தால் எனக்குப் படலை இல்லை. இப்ப தூக்குங்கோ, இல்லாட்டி விடுறன்."

"கிளவுஸ் போட்டுத் தூக்கினால்?"

"எந்தக் கையாலையெண்டாலும் தூக்குங்கோ."

"அல்லாட்டி நீர் பிடியும், நான் பக்கத்திலை நிக்கிறன். பிறகு மரியோ கையை மாத்தி ஒட்டுவான்."

"ஒட்டலாம், அண்ணை," என்றான் மரியோ. "போனகிழமை ஒரு மாப்பிள்ளைக்குத் தலைமயிர் ஒட்டினனான்."

மீன் வலைக்குள் ஒரு பக்கமாகச் சரிந்தது. கிளிபோட் அதை நிமிர்த்தி, நீரோட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்தான். செவுள் மெல்லத் திறந்து மூடியது. மீன் பாய்ந்ததும் மரியோ மறுபடி ஏற்றிவிட்ட ட்ரோன் மேலே இரைந்துகொண்டே நின்றது. அதை இறக்கும் எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை. அந்த இரைச்சலுக்குள்தான் வயலில் யாரோ வருவதைக் கிளிபோட் கண்டான். வழிபாட்டுக்குப் போகும் கறுப்புக் கோட்டு, கீழே சேற்றுச் சப்பாத்து. மிஸ்ஸிஸ் டொயில்.

கிளிபோட்டின் மனதில் ஓடியது இதுதான்: பெரிய வெள்ளி, இரைச்சல், வலைக்குள் அரைவாசி செத்த மீன், பக்கத்தில் சால்வை போட்ட ஒரு மனிதர். பியர்க் கான் இதைவிட எவ்வளவோ மேல். அவன் எழும்பி மன்னிப்புக் கேட்க நினைத்தான். ஆனால் கையை எடுத்தால் மீன் சரிந்துவிடும்.

கிழவி மீனைப் பார்க்கவேயில்லை. அண்ணாந்து, அந்தச் சாமான் தன்னுடைய கூரையைப் படமெடுக்கிறதா என்று கேட்டாள். மரியோ பயந்துபோய்த் திரையை அவளிடம் நீட்டினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். வீடு, மாட்டுத் தொழுவம், வேலி, வேலிக்கு அப்பாலும் நீண்ட வயல், அதன் விளிம்பைச் சுற்றி ஆறு. மரியோ ட்ரோனை இன்னும் மேலே ஏற்றினான். வயல் இன்னும் விரிந்தது. கிழவி திரையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இவ்வளவுக்குமா நான் தனியாகப் புல் வெட்டுகிறேன்?" என்றாள் கடைசியில்.

பத்மநாதனின் குரல் மாறியது. வரலாறு பேசும் குரல் போய், ஞாயிற்றுக்கிழமை வீடு காட்டும் குரல் வந்தது. வெள்ளிக்கிழமை என்ற கவலை முகத்திலிருந்து அப்படியே கழன்றது. றப்பர் காற்சட்டையின் நெஞ்சுப் பைக்குள்ளிருந்து நனையாத ஒரு தொழில் அட்டையை எடுத்து நீட்டினார். மேடத்தின் இடம் எவ்வளவு அழகு, பராமரிப்பு எவ்வளவு கஷ்டம், தன்னுடைய மாமியாரும் இப்படித்தான் தனியாக இருந்து முதுகை முறித்துக்கொண்டார் என்றார். அவருடைய மாமியார் மார்க்கம் நகரில் நல்ல சுகத்தோடு இருந்தார்.

கிழவி அட்டையைப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாகக் கிளிபோட்டின் பக்கம் திரும்பினாள். இவர் உன்னுடைய ஆட்களில் ஒருவரா, எப்படிப்பட்ட மனிதர், நம்பலாமா என்று கேட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எங்கள் ஆளைப் பற்றி எங்களுக்குள் என்ன வேண்டுமானாலும் சொல்வோம். கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் சொல்வோம், செத்தவீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் இருந்தும் சொல்வோம். ஆனால் ஒரு வெள்ளை மனிசர் வந்து இவர் எப்படி என்று கேட்டால், விட்டுக்கொடுக்கமாட்டோம். கேட்டவருக்கு முன்னால் எங்கள் எல்லாரிலும் அவரே உத்தமர் ஆகிவிடுவார். அதோடு, கிழவி கோபிக்கவில்லை என்ற ஆறுதல் கிளிபோட்டின் நாக்கை எண்ணெய் போட்டதுபோல ஆக்கியிருந்தது.

"மிகவும் நேர்மையானவர், மிஸ்ஸிஸ் டொயில்," என்றான் அவன் ஆங்கிலத்தில், தண்ணீருக்குள் முழங்காலில் இருந்தபடி. "எங்கள் சமூகத்தின் தலைவர். கோயிலிலும் பெரிய பொறுப்பில் இருக்கிறார்."

அவள் தலையாட்டி, அட்டையைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். போகும்போது படலையைச் சாத்தச் சொன்னாள். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் மீன் கிளிபோட்டின் கைகளுக்கிடையில் ஒருமுறை உடம்பை முறுக்கியது. அவன் வலையைத் தாழ்த்தினான். அது வாலால் அவன் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுக் கலங்கலுக்குள் போய் மறைந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

"போயிட்டுதோ?" என்றார் பத்மநாதன் திரும்பாமலே. "சரி, போகட்டும். கிளிபோட், இந்த ஆத்தோரம் எவ்வளவு நீளம் வரும்?"

சிலுவைப்பாதையின் கடைசித் தலத்தில்தான் கிளிபோட் தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தான். வேரோனிக்கா தள்ளியிருந்து இடம் விட்டாள்; உடனே மூக்கைப் பொத்தினாள்.

"படலை தப்பிட்டுது," என்றான் அவன் அவளுடைய காதுக்குள். "மனிசி ஒரு சொல்லும் சொல்லேல்லை."

"ஆண்டவரை இப்பதான் கல்லறையிலை வைச்சவை," என்றாள் அவள். "உங்கடை படலையை வெளியிலை போய்க் கதைப்பம்."

சித்திரை விழாவில் பொன்னாடை குறித்தபடி போர்த்தப்பட்டது. மேடைத் திரையில் காட்டிய மீன் இணையத்தில் எடுத்தது. மீன்கடை வைத்திருக்கும் ஒருவர் அது நோர்வே சல்மன் என்று பக்கத்து மேசைக்குச் சொன்னார். பக்கத்து மேசை கொத்துரொட்டி தீர்ந்துவிடும் என்ற கவலையில் இருந்தது. பத்மநாதனின் ஏற்புரை சுருக்கமாக இருந்தது. இதுவே அந்த விழாவில் நடந்த உண்மையான முதலாவது சம்பவம். அவருக்கு வேறு வேலை நிறைய இருந்தது.

ஏப்ரல் கடைசியில், பெரும்பாலான ஆறுகளில் ட்ரவுட் பிடிக்க அனுமதி தொடங்கும் சனிக்கிழமை, தண்ணீர் ஒருவழியாகத் தெளிந்துவிட்டது. கிளிபோட் இரண்டு வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு விடியப் புறப்பட்டான். வழிநெடுக ஆற்றை எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவர்களும் கேட்டார்கள், அது அபூர்வம். மிஸ்ஸிஸ் டொயிலின் ஒழுங்கைக்குள் திரும்பியவன் பேச்சை இடையில் நிறுத்தினான்.

படலையில் புதிய பூட்டு. அவனிடமிருந்த திறப்பு உள்ளே போகவேயில்லை. பக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தது. அதில் ஆளுயரத்துக்குப் பத்மநாதன், றப்பர் காற்சட்டையோடும் சால்வையோடும், பின்னால் ஆறு பளபளக்க, தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். படத்துக்குக் குறுக்கே சிவப்புப் பட்டி ஒட்டியிருந்தது: விற்றாகிவிட்டது.

கிளிபோட் வாடிக்கையாளர்களுக்குக் கேட்காத தூரத்துக்கு நடந்துபோய்த் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணை, படலை பூட்டிக் கிடக்கு."

"ஓம் கிளிபோட், உமக்கு நானே போன் எடுக்கவேணும் எண்டு இருந்தனான். முதல் நன்றி உமக்குத்தான் சொல்லவேணும். மனிசி உம்மடை சொல்லை நம்பித்தான் கையெழுத்து வைச்சது. கிளிபோட் சொன்னால் சரியாத்தான் இருக்கும் எண்டு எனக்கே சொன்னது."

"எனக்கு ஆத்துக்குப் போகவேணும், அண்ணை. ஆக்கள் நிக்கினம்."

"அது இனி வாங்கின ஆக்களைத்தான் கேக்கவேணும்."

"ஆர் வாங்கினது?"

"ஆளில்லை, கிளிபோட். பேரில்லாத, வெறும் நம்பரிலை பதிஞ்ச கொம்பனி. எனக்கே ஆரெண்டு தெரியாது. நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும், நான் ஒருக்கா ஈமெயில் போட்டுப் பாக்கிறன்." கொஞ்சம் பொறுத்து அன்போடு கேட்டார்: "நீர் இப்பவும் அந்த மோர்னிங்சைட் வீட்டிலைதானே இருக்கிறீர்? விக்கிற யோசினை ஏதும் இருக்கோ?"

கிளிபோட் வாகனத்துக்குத் திரும்பினான். வாடிக்கையாளர்களில் ஒருவர் காற்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்க ஆயத்தமாக இருந்தார். இன்னொருவர் பலகையில் நிற்கும் மனிதர் யார் என்று கேட்டார். எங்கள் சமூகத்தின் தலைவர் என்றான் கிளிபோட், மிகவும் நேர்மையானவர். பிறகு வாகனத்தைத் திருப்பி அவர்களைப் பாலத்தடிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே நிற்க இடம் இருக்கவில்லை.